முதியோர் உடம்பும் சுயமரியாதையும்

சுங்கை சிப்புட் என்னும் ஊரைச் சரித்திரக்காரர் ஒரு தேதிக்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர். 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி காலையில், இவ்வூரைச் சார்ந்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 வரையில் அது நீடித்தது. அக்காலையைக் குறித்துப் பல நூல்கள் எழுதப்பட்டுள்ளன. துப்பாக்கி ஏந்தியவர் யார், அவரை ஏவியவர் யார், மாண்ட துரைமாரின் பெயர் யாது என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. அதே காலையில் அதே தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போயிருந்த நம் பெண்களைப் பற்றியோ, வேலை முடிந்து அவர்கள் திரும்பி வந்து நின்ற லயத்துக் குழாயடியைப் பற்றியோ நாம் படித்த நூல்களில் ஒரு வரியும் கண்டிலோம்.

இக்கட்டுரையின் சரித்திரம் அக்குழாயடியிலிருந்தே தொடங்குகிறது. லயத்தில் வாழ்ந்தார்க்கு அதனை விவரிக்க வேண்டுவதில்லை. பட்டணத்து அன்பர்களுக்காகச் சொல்லுவோம். ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த அறைகள். அவற்றில் குளியலறை என்பது இல்லை. பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு குழாய், அல்லது ஒரு சிமெண்டுத் தொட்டி. அங்கே ஆடவரும் வருவர். பிள்ளைகள் ஓடித் திரிவர். தண்டல் கடந்து போவார். அந்த வெட்டவெளியில் நம் தாய்மார் ஒரு சாரோங்கை மார்புக்கு மேல் குறுக்குக்கட்டாகக் கட்டி, தலைக்கு நீர் வார்த்து, மஞ்சள் பூசிக் குளித்து, ஈரச் சாரோங்கின் மேல் உலர்ந்த சாரோங்கைச் சுற்றி, உள்ளிருப்பதை நழுவ விட்டுக் கரையேறுவர். விரற்கடை உடம்பும் பிறர் கண்ணில் பட்டதில்லை. தோட்ட நிர்வாகம் அவர்களுக்கு ஒரு சுவர் தரவில்லை. ஆகவே அவர்கள் இரண்டு கஜத் துணியைச் சுவராக்கிக் கொண்டனர்.

நமது தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் இருப்பது தனியார் நடத்தும் ஒரு முதியோர் இல்லம். அதன் பெயர் இங்கு வேண்டா. ஒருவரைக் குறை கூறி மற்றவரைத் தப்பவிடுவது நமது நோக்கமன்று. சோறு உண்டு; மெத்தை உண்டு; மாத்திரை நேரத்துக்கு வருகிறது. "எப்படி இருக்கிறீர்கள், ஆயா?" என்று கேட்டோம். அவர் சோற்றைப் பற்றிக் குறை சொல்லவில்லை. மகனைப் பற்றியும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, குளிக்கிறதுக்கு என்னைய உரிச்ச கோழி மாதிரி நிக்க வெக்கிறாங்க. நாலு பேரு வரிசையா. ஒரு சாரோங்கு கேட்டா, நனைஞ்சிடும்ங்கறாங்க" என்றார். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பாராமல் சன்னலைப் பார்த்தார்.

வெட்டவெளியில் முப்பது ஆண்டு காத்த ஒன்றை, நான்கு சுவருக்குள் ஒரு காலைப் பொழுதில் இழந்துவிட்டார் அம்மூதாட்டி. இஃது எப்படி நேர்ந்தது? இல்லத்தாரின் கொடுமையால் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. அவர்கள் கொடியவர்களல்லர், நேரமும் ஆளும் போதாதவர்கள். ஆயினும், நேரம் போதாத இடத்தில் எதனை முதலில் விட்டுவிடுகிறோம் என்பது தற்செயலாய் முடிவாவதன்று. சோற்றை விடுவதில்லை, மாத்திரையை விடுவதில்லை, மானத்தையே விடுகிறோம். அதற்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. அச்சரித்திரம் பாதி வெள்ளையனுடையது, பாதி நம்முடையது.

முதற்பாதியைச் சொல்லுவோம். 1907-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. பிற்பாடு அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. வேலைக்கு வைத்திருக்கும் ஆள் தொகைக்கேற்பத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்த வேண்டும். அப்பணத்தைக்கொண்டு தமிழகத்திலிருந்து புதிய ஆட்களுக்கு இலவசக் கப்பற்பயணம் கொடுக்கப்படும். அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1908-இல், இங்கிலாந்தில் முதியோர் உபகாரச் சம்பளச் சட்டம் நிறைவேறிற்று. எழுபது வயது கடந்த ஏழைக்கு வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரையில். இதில் நாம் கவனிக்கத்தக்கது தொகையன்று. பணத்தை ஏழைச் சட்ட அலுவலகத்தின் வழியே கொடாமல் தபாற்கந்தோர் வழியே கொடுத்தார்கள். காரணம், ஏழைவிடுதிக்குப் போவதைவிடப் பட்டினி கிடந்து சாவதே மேல் என்று இங்கிலாந்தின் கிழவர்கள் எண்ணினர். 1834-ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த அவ்விடுதிகளில் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். சொந்த உடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு விடுதியுடை மாட்டுவர். வாங்கும் கை கூசாதிருக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கம் சற்றேனும் எண்ணிய காலமது. அதே ஆங்கிலேயர் ஆட்சி, அதே ஆண்டுகளில், மலாயாவில் நம்மவரை எப்படி எண்ணிற்று?

கையாக எண்ணிற்று. இஃது உருவகமன்று; ஆங்கிலத்தில் தொழிலாளியைக் கை என்றே குறிப்பது வழக்கம். எத்தனை கைகள் வேலைக்கு வந்தன என்பதே செக்ரோலின் கேள்வி. நாமும் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர்தாம். அதில் உடம்புக்கென்று ஒரு பத்தி கிடையாது என்பதை அறிவோம். 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரவருக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் ஓராண்டில் மாண்டனர், மலேரியாவே பெருங்காரணம். அங்ஙனம் மாளாமல் தப்பி, ஆனால் கை ஓய்ந்துபோனவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குடியேற்ற நிதியின் செலவில் திருப்பிக் கப்பலேற்றப்படுவது. மற்றொன்று, அதே நிதி கோலாலம்பூரில் நடத்திய ஓர் இல்லம்.

அவ்வில்லத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டோரை அரசாங்க அறிக்கைகள் 'டெக்ரெபிட்' என்னும் சொல்லால் குறித்தன. ஆங்கிலப் பள்ளியில் படித்ததன் பயனாக இச்சொல்லின் வேரை நாம் ஒருமுறை அகராதியில் தேடினோம். இலத்தீனில் அது விரிசல்விட்டுக் கிறீச்சிடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ஓட்டை வண்டிக்கும் உளுத்த கட்டிலுக்கும் பொருந்தும் சொல். அதனை மனிதருக்குச் சூட்டி, ஆண்டறிக்கையில் தொகை கூறினர். கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. அவ்வில்லம் இல்லாதிருந்தால் பலர் தெருவில் மாண்டிருப்பர். ஆனால், கை உடைந்தபின் மிஞ்சியது யாது என்று கேட்டால், 'உடைந்த கை' என்பதற்கு மேல் அவர்களிடம் விடை இல்லை. அந்நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்னும் வேறுருவம் பெற்று, 1999-இல் கலைக்கப்பட்டது. நம் முன்னோரின் உழைப்பைக் கணக்கிட்டுத் திரட்டிய நிதி ஒன்று தொண்ணூறாண்டுக்கு மேல் இந்நாட்டில் இருந்தது என்பதையே இன்று நம் இளைஞரிற் பலர் அறியார்.

இனி, நம்முடைய பாதி. இதனைச் சொல்லாமல் வெள்ளையனை மட்டும் வைது முடிப்பது இந்தப் பத்திரிகையின் வழக்கமன்று.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது சட்டத்தால் வந்தது. 1912-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமும் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் முதலாளிமீது அக்கடமையைச் சுமத்தின. அங்கே மருந்து கொடுப்பவர் டிரஸ்ஸர். அவருக்குச் சட்டையும் மரியாதையும் உண்டு. ஆனால், எழமுடியாதவரின் மலச்சட்டியை எடுப்பவர் யார்? படுக்கையிலேயே நனைந்துவிட்ட கிழவரின் அரைத்துணியை அவிழ்த்துக் கழுவுபவர் யார்? அந்த வேலை வந்தவுடன் நம்மவர் வாயில் ஒரே சொல்தான் வந்தது: தோட்டி. கடல் கடந்து வந்தால் ஜாதி கரைந்துவிடும் என்றார்கள். அது கப்பலில் ஏறி, பினாங்கில் இறங்கி, லயத்தில் தனிவரிசை கேட்டது. வாளிக் கக்கூசு சுமக்க ஒரு குலத்தைக் குறித்துக்கொண்டது. பிறர் உடம்பின் கழிவைத் தொடுவது பிறப்பால் தாழ்ந்தாரின் தொழில் என்ற வைதிகக் கொள்கை, மனுவைப் படித்தறியாத நம் தோட்டத்து மக்களின் மூக்கிலும் விரலிலும் குடியேறியிருந்தது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வேலை இழிவானதென்று ஊர் முடிவு செய்துவிட்டால், அதனைச் செய்பவர் இழிந்தவராகிறார் என்பது மட்டும் முடிவன்று. அவ்வேலை எவருக்குச் செய்யப்படுகிறதோ, அவரும் இழிந்தவராகிறார். முதுமையில் படுக்கையை நனைத்துவிட்ட தகப்பன், தன் மகளைத் தோட்டியாக்கிவிட்டதாக எண்ணிக் கூனிப்போகிறான். மகளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு விரைந்து முடிக்கப் பார்க்கிறாள். ஆக, ஒருவர் அவமானத்தை மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டே இருக்கின்றனர்.

இதற்கு ஒரு பெயர்பெற்ற சாட்சி உண்டு. காந்தியார் தம் சுயசரிதையில் தாமே ஒப்புக்கொண்ட செய்தி. 1898-ஆம் ஆண்டு நடந்ததாக அவர் எழுதுகிறார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் அவர் வீட்டில் அவருடைய குமாஸ்தாக்களும் தங்கியிருந்தனர். அறைகளில் நீர் போக வழியில்லாமையால் இரவுக்கலம் வைத்திருப்பர். காலையில் அதனைக் கொட்டிக் கழுவ வேண்டும். குமாஸ்தாக்களில் ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்துவர். அவருடைய கலத்தை எடுக்கக் கஸ்தூரிபாய்க்கு மனம் ஒப்பவில்லை. கணவர் எடுப்பதையும் பொறுக்கமுடியவில்லை. கண்ணீர் வழிய அவரே எடுத்தார். முகமலர்ச்சியோடு எடுக்கவேண்டும் என்று காந்தியார் கடிந்து, இறுதியில் மனைவியின் கையைப் பிடித்து வாயில்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் பார்த்தார்.

இக்கதையைச் சொல்லுவோர் பலரும் காந்தியாரின் சமத்துவத்தைப் போற்றுவதோடு நிறுத்திவிடுகின்றனர். கலத்தில் ஜாதி இல்லை என்று அவர் கண்டது சரியே. ஆனால், அக்கலத்தை இன்னொருவர் கையில் பலவந்தமாகத் திணித்து, அதற்குமேல் முகமலர்ச்சியும் கேட்டாரே, அங்கே கஸ்தூரிபாயின் மானம் எங்கே போயிற்று? அக்குமாஸ்தாவையும் நினைத்துப் பார்க்கிறோம். நாமும் ஒரு குமாஸ்தாதான். பக்கத்து அறையில் தன் கலத்தின் பொருட்டு ஒரு வீடு இரண்டாகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு அவர் எப்படி இருந்திருப்பார்?

பெரியார் விஷயம் வேறு. 1929-ஆம் ஆண்டுக் கடைசியில் அவர் மலாயாவுக்கு வந்தபோது ஈப்போவில் நம்மவர் திரண்டு கேட்டனர். அன்று அவருக்கு வயது ஐம்பது, உறுதியான உடம்பு. நாம் சொல்லவந்தது அந்தப் பெரியாரையன்று. கடைசி ஆண்டுகளின் பெரியாரை. சிறுநீர் தானே பிரியாமையால் குழாய் பொருத்தி, அதனோடு இணைந்த கலத்தையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். மேடையில் வலி தாளாமல் முனகுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவார். 1973 டிசம்பர் 19-இல் சென்னைத் தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். 24-இல் வேலூர் மருத்துவமனையில் தமது 94-ஆம் வயதில் காலமானார். ஓர் உடம்பு தளர்ந்து, தன் நீரைத் தானே அடக்கமாட்டாத நிலையிலும், அதனையுடையவரின் பேச்சைக் கேட்கப் பல்லாயிரவர் கூடினர். எவரும் கலத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சுயமரியாதை என்னும் சொல்லுக்கு இதைவிட நேரான பொருளை நாம் அறியோம்.

அவருக்கு அப்பணியெல்லாம் செய்தவர் மணியம்மையார். 1949-இல் நடந்த அவர்கள் திருமணத்தைப் பற்றி எழுந்த பூசல் நாடறிந்தது. ஒரு கட்சியே பிளந்தது. அவ்வழக்கை இங்கு மீண்டும் எடுக்க விரும்பவில்லை. அவர் கால் நூற்றாண்டு கழுவியதும் துடைத்ததும் உடுத்தியதும் வேளைக்கு ஊட்டியதும் அப்பூசலின் எந்தப் பக்கத்திலும் கணக்கில் ஏறவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம். இயக்கத்தின் மேடைகளிலுங்கூட அவ்வேலை வேலையாக எண்ணப்படவில்லை.

முற்காலத்தில் நம் குடும்பங்களில் முதியோர் தெய்வமாகப் போற்றப்பட்டனர். மேல்நாட்டு நாகரிகம் வந்து இல்லத்தில் தள்ளிவிட்டது என்று புலம்புவோர் உளர். அவர்கள் விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களைக் கேட்கட்டும். படுக்கையில் நெடுநாள் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி, உடல் குளிர்ந்து சாகும்படி செய்யும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் அங்கே வெகுகாலமாக நடந்து வந்தது. 2010-ஆம் ஆண்டில்தான் பத்திரிகைகளின் வழியே உலகறிந்தது. எண்ணெய்க் குளியலைக்காட்டிலும் அன்பான பணிவிடை ஒன்று தமிழ் வீட்டில் உண்டா? அதையே கருவியாக்கிக் கொண்டனர். வறுமையால் செய்தனர் என்பர், நாமும் மறுக்கவில்லை. ஆனால் குடும்பம் என்ற சொல் தானே மானத்துக்குக் காவலாகிவிடாது. பார்க்கப் போனால், பிள்ளைகள் வந்து பார்க்கும் ஓர் இல்லத்தில் இருக்கும் கிழவர், பின்கட்டில் தனித்தட்டோடு கிடக்கும் கிழவரைவிட மேலான நிலையில் இருக்கலாம்.

இந்நாட்டிலேயே வேறுவிதமாகச் செய்துகாட்டிய இடம் ஒன்று உண்டு. அது முதியோருக்காகக் கட்டியதன்று, குட்டநோயாளருக்காகக் கட்டியது. கோலாலம்பூருக்கு அருகே செத்தாப்பாக்கில் இருந்த பழைய குட்டநோய் விடுதியின் கேவலத்தைக் கண்டு மனம் பொறாத டாக்டர் டிராவர்ஸ் முதலானோர் முயற்சியால் சுங்கை பூலோவில் ஒரு குடியிருப்பு அமைந்து, 1930-இல் திறக்கப்பட்டது. நீண்ட வார்டுகளுக்குப் பதிலாகச் சிறு சிறு வீடுகள், முன்னே பூச்செடி வைக்க நிலம், தனிக்கதவு. நோயாளரிலேயே பலர் பயிற்சி பெற்று, சம்பளத்தோடு மற்ற நோயாளருக்குப் பணிவிடை செய்தனர். விரல் மடங்கிய ஒருவர் கண் மங்கிய மற்றொருவருக்குக் கட்டுப் போட்டார். அதனைச் சுவர்க்கமென்று நாம் சொல்லவில்லை. மக்களைச் சட்டத்தின் பலத்தால் பிடித்து அங்கே அடைத்தனர். பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தனர். அக்கொடுமைகளுக்கு நடுவிலேயுங்கூட ஒரு கதவும், ஒரு சம்பளமும் என்ன செய்யும் என்பதையே பார்க்கிறோம். தொட்டால் ஒட்டும் என்று உலகமே அஞ்சிய உடம்புகளை அங்கே இருந்தவர்கள் கூசாமல் தொட்டனர். தொட்டவருக்கு அது இழிவாகத் தோன்றவில்லை.

சுங்கை சிப்புட்டுக்குத் திரும்புவோம். இவ்வூரில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளி சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். நிலத்தின் பொருட்டு அங்ஙனம் ஒன்று கூடிய நாம், முதுமையின் பொருட்டுக் கூடினோமில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் நின்றது. 1951-இல் சேமநிதி வந்தது என்றாலும், நாட்கூலிக்காரரின் சேமநிதி ஒரு சிறு வீட்டுக்கும் போதவில்லை. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டனர். போனது குற்றமன்று, பால்மரத்தடியில் பிள்ளைகள் நிற்கக்கூடாது என்றுதானே பெற்றோர் படிக்க வைத்தனர்!

1946-இல் அமைக்கப்பட்ட சமூகநலத் துறை முதியோருக்காக நடத்தும் இல்லங்களுக்கு ரூமா ஸ்ரீ கெனாங்கான் என்று பெயர். அவற்றில் ஒன்று தஞ்சோங் ரம்புத்தானில், ஈப்போவிலிருந்து இவ்வூர் வரும் இரயில் பாதையிலேயே இருக்கிறது. அவ்வூரின் பெயரைச் சொன்னாலே நம்மவர் சிரிப்பது வழக்கம். 1911-இல் அங்கே மனநோய் மருத்துவமனை ஏற்பட்டதிலிருந்து அது வசைச்சொல்லாகிவிட்டது. 'அம்மாவைத் தஞ்சோங் ரம்புத்தானில் சேர்த்திருக்கிறோம்' என்று சொல்ல ஒரு மகன் கூசுவதற்கு அதுவும் ஒரு காரணம். நிற்க. அவ்வில்லங்களில் சேர்வதற்கு விதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, தம் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளக் கூடியவராய் இருக்கவேண்டும் என்பது. படுக்கையில் விழுந்த ஆதரவற்றோருக்கு ரூமா ஏசான் என்னும் வேறு வகை இல்லங்கள் உள்ளன. அவை கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் இருக்கின்றன. பேராக்கில் வாழ்ந்த ஒரு கிழவர், தம்மைத் தாம் கழுவிக்கொள்ள முடியாத நாளில், தமக்குத் தெரிந்த முகங்களையெல்லாம் விட்டு வேறு மாநிலத்துக்குப் போகவேண்டியவராகிறார். ஆகவே, ஆயிரக்கணக்கில் மிஞ்சுவோர்க்குத் தனியார் இல்லங்களும் தொண்டு நிறுவனங்களுமே கதி.

இவ்வில்லங்களில் நாம் கண்டவற்றுள் நம்மைப் பெரிதும் உறுத்தியது தலைமயிர். மூதாட்டியர் பலருக்கு ஒட்ட வெட்டிவிடுகின்றனர். பேன் வாராது, துவட்டுவது எளிது, சீவ ஆள் வேண்டா. காரணம் எல்லாம் நியாயமானவைதாம். ஆனால், ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கிழவயதில் தலையைக் கத்தரித்து நிறுத்துவது என்ன பொருள்படும் என்று எவரேனும் எண்ணினாரா? கைம்பெண்களை மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த வழக்கத்தை எதிர்த்து நம் இயக்கம் எத்தனை மேடை ஏறிற்று! வைதிகர் சாத்திரத்தின் பெயரால் செய்ததை நாம் வசதியின் பெயரால் செய்கிறோம். மானத்துக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கும் நம் பிள்ளைகள், பாட்டியின் தலையைக் கண்டு ஒன்றும் கேட்பதில்லை. வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். சிலர் வெட்டுங்கள் என்றே சொல்லக்கூடும், அது வேறு.

இன்னொன்று சொல்லத் தயங்குகிறோம், ஆனாலும் சொல்லுவோம். மலம் கழித்தபின் நீர்கொண்டு கழுவுவது நம் வழக்கம். பிறந்தது முதல் அவ்வாறு பழகியவரை ஈரத்தாளால் துடைத்துக் கட்டுத்துணியை மாட்டிவிட்டால், அவர் நாள் முழுதும் தம்மை அசுத்தராகவே எண்ணியிருப்பார். அந்தக் கையால் தட்டைத் தொடவும் மனம் வாராது. சோறு இறங்கவில்லை என்று டாக்டரிடம் காட்டுவார்கள். டாக்டர் பசிக்கு மருந்து எழுதுவார். இதேபோல, கையால் பிசைந்து உண்டவருக்குக் கரண்டியால் ஊட்டுவதும், வெற்றிலை போட்டவரின் வாயை வெறுமையாக்குவதும், சேலை கட்டியவருக்கு யாரோ போட்டுக் கழித்த கவுனை மாட்டுவதும். ஒவ்வொன்றும் சிறிது. எல்லாம் சேர்ந்த பிறகு கட்டிலில் மிஞ்சுபவர் யாரென்று அவருக்கே தெரிவதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. பராமரிப்பு மையங்கள் சட்டம் 1993-இல் வந்தது. தனியார் முதியோர் நலப் பராமரிப்புச் சட்டம் ஒன்று 2018-இல் வெளியாயிற்று. உரிமம், சோதனை, தண்டம் என்பவற்றை அவை வகுக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 1991 டிசம்பரில் ஏற்ற முதியோர்க்கான கோட்பாடுகளில், இல்லத்தில் வாழ்வோரின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் தம் பராமரிப்பைத் தாமே முடிவு செய்யும் உரிமையையும் முழுவதும் மதிக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. அவை வேண்டியவையே. ஆயினும் சோதனைக்கு வரும் அதிகாரி பகலில் வருகிறார். குளியல் விடியலில் நடக்கிறது.

இன்று அவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்த பெண்கள். தம் தாயை ஊரில் விட்டுவிட்டு நம் தாயைக் கழுவ வந்தவர்கள். நம் பாட்டனார் வந்த கதைதான் இதுவும். கடன், கப்பல், தரகர், ஒப்பந்தம். அவர்களைப் பார்த்து அதட்டும் நம்மவர் குரலில் பழைய துரையின் குரலைக் கேட்டு நாம் வெட்கப்பட்டதுண்டு. ஒருத்திக்குப் பதினைந்து பேரைக் கழுவும் வேலையைக் கொடுத்து, தோட்டி என்ற எண்ணத்தோடு பார்த்து, குறைந்த கூலி கொடுத்து, அதன்பிறகு நம் ஆயாவிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள் என்று கேட்பதற்கு நமக்கு என்ன முகம் இருக்கிறது?

மறுபடி அவ்வில்லத்துக்குப் போனபோது, சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான்கு சாரோங்குகள் வாங்கிக்கொண்டு போனோம். நடத்துபவரிடம் பேசினோம். நனைந்தால் துவைப்பது யார் என்றார். துவைக்கும் கூலியை மாதந்தோறும் நாம் கொடுத்துவிடுவதாகச் சொன்ன பிறகு, அரை மனதோடு ஒப்புக்கொண்டார். பணிப்பெண் இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவைச் சேர்ந்தவர். குறுக்குக்கட்டைப் பற்றி நமது அரைகுறை மலாயில் விளக்கத் தொடங்கினோம். அவர் சிரித்துவிட்டார். தம் ஊரில் ஆற்றங்கரையில் தாமும் தம் தாயாரும் அப்படித்தான் குளிப்பார்கள் என்றார். ஆயாவின் அருகே போய், சாரோங்கை விரித்து, தம் மார்புக்கு மேல் ஒருமுறை சுற்றிக் காட்டி, இப்படியா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். ஆயா தலையை ஆட்டினார். "இல்ல, இடது பக்கம் சொருகணும்" என்று தமிழிலேயே சொல்லி, கையை நீட்டித் தாமே சரிசெய்யத் தொடங்கினார். நாம் வெளியே வந்து நின்றுகொண்டோம்.